பஞ்சத்தை மறக்காத பண்டித ரமாபாய்



எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. ஞாயிறு பள்ளியிலே பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிறவள், அவ்வளவுதான். இந்த இதழுக்கு ஒரு பரிசுத்தவாட்டியின் ஜீவிய சரித்திரத்தை எழுதித் தாருங்கள் சகோதரி என்று பாஸ்டர் ஐயா கேட்டபோது, எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பண்டித ரமாபாய் அம்மையாரைப் பற்றித்தான் எழுதணும் என்று தீர்மானித்துவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் சபையில் பலருக்குத் தெரியும், 2021-ம் வருஷம் மே மாதம் என் வீட்டுக்காரர் கொரோனாவில் கர்த்தரிடத்திற்குப் போனார். பதினேழு நாள் ஜெபித்தோம். நீங்களும் கூடவே உபவாசமிருந்து ஜெபித்தீர்கள். ஆனாலும் அவர் திரும்பி வரவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரு தையல் மெஷினையும் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வருஷம் டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வருஷம் முழுவதும் கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்ல ஒவ்வொருவராக எழுந்தார்கள். என் முறை வந்தபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. என்ன நன்மை, எதைச் சொல்ல? தலையைக் குனிந்து அப்படியே உட்கார்ந்துட்டேன். அதற்குப் பிறகு பல மாதம் பாட்டு வேளையில் வாய் அசையும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஜெபிக்க முழங்கால் போட்டால் தூக்கம்தான் வரும்.

அப்போது நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார்கள். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. காப்பி குடித்தார்கள், பிள்ளைகளுக்கு ஜெபித்தார்கள், பையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அது ரமாபாய் அம்மையாரின் சரித்திரம். ஒரு வாரம் தொடவே இல்லை. பிறகு ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் எடுத்தேன். விடிகிற வரைக்கும் கீழே வைக்கவில்லை.

காட்டிலே வளர்ந்த பிள்ளை

ரமாபாய் 1858-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே, பெரிய சமஸ்கிருத பண்டிதர். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைக்குச் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுப்பது பெரிய குற்றமாக எண்ணப்பட்டது. ஆனால் அவர் தன் மனைவி லட்சுமிபாய்க்குக் கற்றுக்கொடுத்தார். ஜனங்கள் எதிர்த்தார்கள். அவர் அதை விடவில்லை, காட்டிலே போய் வீடு கட்டிக் குடியேறினார். அந்தத் தாயார்தான் அதிகாலையில் ரமாபாயை மடியில் எழுப்பி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஆயிரக்கணக்கான சுலோகங்கள் அந்தச் சிறுபெண்ணுக்கு மனப்பாடம்.

பிறகு அந்தக் குடும்பம் ஊர் ஊராக, ஸ்தலம் ஸ்தலமாக யாத்திரை போனது. கோவில்களில் புராணம் வாசித்து, ஜனங்கள் கொடுப்பதை வாங்கி ஜீவனம் பண்ணினார்கள். கையிலிருந்த பணமெல்லாம் தானதர்மத்தில் செலவாயிற்று. அப்போதுதான் 1870-களின் பஞ்சம் வந்தது.

பதினொரு நாள்

அந்தப் பஞ்சம் வந்தது எங்கேயோ தூரத்தில் அல்ல. அன்றைய சென்னை ராஜதானியில், திருப்பதிப் பக்கத்து மலைக்காடுகளில் அந்தக் குடும்பம் சிக்கிக்கொண்டது. பாத்திரம் பண்டம் ஒவ்வொன்றாக விற்றாயிற்று. கூலி வேலை அவர்களுக்குத் தெரியாது, கேட்டு வாங்கவும் கௌரவம் விடவில்லை. பதினொரு நாள், இரவும் பகலும், தண்ணீரும் இலைகளும் ஒரு கைப்பிடி காட்டு ஈச்சம்பழமும்தான் ஆகாரம். வயது முதிர்ந்து பார்வையும் குன்றிய தகப்பனார், இனி யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று புண்ணிய தீர்த்தத்தில் தன் உயிரை விடத் தீர்மானித்தார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அந்தத் தகப்பனார் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து விடைபெற்றார். கடைக்குட்டியான ரமாபாயிடம், உன்னைக் கடவுளுடைய கையிலே கொடுத்துவிட்டேன், நீ அவருக்கு உரியவள், ஆயுசு முழுவதும் அவருக்கே ஊழியம் செய்யவேண்டும் என்ற பொருளில் சொன்னார். அவருக்கு இயேசுவைத் தெரியாது. தான் அறிந்த வெளிச்சத்தின்படி, தன்னிடத்தில் இருந்த ஒரே ஆஸ்தியை ஒப்படைத்தார்.

பிறகு மூத்த மகன் சீனிவாசன், கௌரவம் போனாலும் போகட்டும், நான் கூலி வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதால், அந்தத் தீர்மானத்தை விட்டார்கள். ஆனாலும் தப்பிக்க முடியவில்லை. சில மாதங்களுக்குள் தகப்பனார் போனார், தாயார் போனார், அக்காளும் போனாள். தாயார் இறந்தபோது பாடை தூக்க ஆள் கிடைக்கவில்லை. இரண்டு பேர் இரங்கி வந்தார்கள், மூன்றாவது ஆள் அண்ணன், நாலாவது ஆள் ரமாபாய். அவர் குள்ளமானவர் என்பதால் தோளில் வைத்தால் சமமாக நிற்காது. ஆகவே தன் தாயின் பாடையைத் தலையில் சுமந்துகொண்டு போனார். வயது பதினாறு, பதினேழு இருக்கும்.

தேடினவளைத் தேடி வந்தவர்

அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே தேசத்தைச் சுற்றினார்கள். சுமார் 4,000 மைல் நடந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. உப்பும் தண்ணீரில் ஊறவைத்த ஒரு பிடி தானியமும் கிடைத்தால் அன்றைக்கு விருந்து. வடக்கே ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்காமல், மணலிலே குழி தோண்டி, உள்ளே உட்கார்ந்து, கழுத்து வரைக்கும் மணலை மூடிக்கொண்டு இராத்திரியைக் கழித்திருக்கிறார்கள். போர்த்த ஒரு கம்பளி கிடையாது.

1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் இந்த இருபது வயதுப் பெண்ணின் சமஸ்கிருத ஞானத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். கொஞ்சம் நிம்மதி என்று நினைக்கும்போதே 1880-ல் அண்ணனும் இறந்துபோனார். அதே வருஷம் விபின் பிஹாரி என்ற வங்காள வக்கீலை ஜாதி வித்தியாசம் பார்க்காமல் பதிவுத் திருமணம் செய்தார். 1881-ல் மனோரமா என்ற பெண் குழந்தை பிறந்தது. 1882 பிப்ரவரியில் அந்தக் கணவரும் காலராவில் போய்விட்டார். கல்யாணமாகிப் பத்தொன்பது மாதம்தான். ரமாபாய்க்கு 23 வயது, கையிலே ஒரு வயதுகூட நிரம்பாத பிள்ளை.

ஒரு சொந்தமும் மிச்சமில்லை. ஆனால் கணவர் வீட்டுப் புத்தகங்களுக்குள் வங்காள பாஷையில் இருந்த ஒரு சிறு புத்தகம் ஏற்கெனவே அவர் கண்ணில் பட்டிருந்தது. அது லூக்கா சுவிசேஷம். கர்த்தர் எங்கே, எப்படி விதைக்கிறார் பாருங்கள்!

1883-ல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். அங்கே வழிதவறிப்போன பெண்களைத் தள்ளிவிடாமல் அன்பாகத் தூக்கியெடுக்கும் ஒரு இல்லத்தைப் பார்த்தார். இது எங்கிருந்து வந்த அன்பு என்று விசாரித்தபோது, யோவான் 4-ம் அதிகாரத்தில் கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு பேசிய இயேசுவைக் காட்டினார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 29-ம் தேதி தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடவில்லை. அவரே தன் சாட்சியில் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவ மார்க்கம் தனக்குக் கிடைத்துவிட்டது, அந்த மார்க்கத்துக்கு ஜீவனாகிய கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்று எட்டு வருஷம் கழித்து உணர்ந்தாராம். 1891-ல்தான் தன்னைப் பாவியென்று ஒப்புக்கொண்டு, ஒன்றுமில்லாதவளாக இயேசுவினிடத்தில் வந்து, இரட்சிப்பின் சந்தோஷத்தை அடைந்தார். ஞானஸ்நானம் வாங்கினவர்களே, சபைக்குத் தவறாமல் வருகிறவர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள்.

நினைவுதான் அவரை அனுப்பியது

இதற்கிடையில் அமெரிக்கா சென்று, இந்தியாவின் இளம் விதவைகளின் நிலைமையை எழுதியும் பேசியும், உதவி சேர்த்துக்கொண்டு திரும்பினார். 1889 மார்ச் 11-ம் தேதி பம்பாயில் சாரதா சதன் என்ற பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அது பூனாவுக்கு மாறியது. 1893-ல் பெரிய எதிர்ப்பு எழும்பியது. இங்கே பிள்ளைகளை மதம் மாற்றுகிறார்கள் என்று பேச்சு. பல வீட்டார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கூட நின்ற பெரிய மனுஷர்கள் கைவிட்டார்கள்.

அந்த நாட்களில் அவர் வாசித்த புத்தகங்களில் மூன்று அவரை மிகவும் தொட்டன. பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளை ஜெபத்தினாலேயே போஷித்த ஜார்ஜ் முல்லரின் சரித்திரம், ஹட்சன் டெய்லரின் சீன ஊழியத்தின் சரித்திரம், தீவுகளில் ஊழியம் செய்த ஜான் பேட்டனின் சரித்திரம். அந்த தேசங்களிலே கேட்டுக் கொடுத்த தேவன் இந்தியாவிலேயும் கொடுக்கமாட்டாரா என்ற கேள்வி அவருக்குள் எழும்பியது. மற்றவர்கள் வாழ்க்கையில் தேவன் செய்ததை வாசித்ததும் அவருக்கு விசுவாசமாக மாறியது. அதனால்தான் நம் பத்திரிகையில் இப்படிப்பட்ட சரித்திரங்கள் வருவதும் வீண் அல்ல என்று நினைக்கிறேன்.

1896-ல் மத்திய மாகாணங்களில் கொடிய பஞ்சம். செய்தி வந்தபோது முதலில் ரமாபாய் அம்மையார் தயங்கினார். கையில் பணமில்லை, இடமில்லை. இருக்கிற பிள்ளைகளுக்கே கஷ்டம். நான் போய் என்ன செய்ய முடியும் என்று ஒதுங்கியிருக்கலாம். நாமும் அப்படித்தானே செய்கிறோம்? ஆனால் அவருக்குள் ஒரு மெல்லிய சத்தம் பேசிக்கொண்டே இருந்தது. உபாகமத்தில் கர்த்தர் இஸ்ரவேலரைப் பார்த்து, எகிப்திலே அடிமையாக இருந்ததையும் கர்த்தர் மீட்டுக்கொண்டதையும் மறந்துவிடக் கூடாது என்று நினைப்பூட்டுகிறார் அல்லவா? அந்த வார்த்தை அவருக்கு வந்தது. இலையைத் தின்ற பதினொரு நாள் ஞாபகத்துக்கு வந்தது. தகப்பன், தாய், அக்காள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நீ பசியிலே கிடந்தாய், உன்னை நான் எடுத்தேன், இப்பொழுது பசியிலே கிடக்கிறவள் எங்கே என்று கேட்பதுபோல் இருந்தது. அதற்குமேல் அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. புறப்பட்டுப் போனார்.

எலும்பும் தோலுமாக நின்ற பெண் குழந்தைகளைச் சேர்த்தார். பஞ்சகாலத்தில் அநாதைப் பெண்களைத் தேடி அலைகிற துஷ்ட மனுஷர் கையில் அவர்கள் விழுவதற்கு முன்னே அவர்களைச் சேர்க்கவேண்டியிருந்தது. முன்னூறு பிள்ளைகளுக்காக தேவனிடத்தில் கேட்டார், சுமார் முன்னூறு பேர் வந்தார்கள். அதே நேரம் பூனாவிலே பிளேக் நோய் பரவிக்கொண்டிருந்ததால், அவர்களை ஊருக்குள் வைக்க அனுமதியில்லை. எங்கே கொண்டுபோவது?

இங்கேதான் கர்த்தருடைய முன்னேற்பாட்டைப் பார்க்கிறோம். பூனாவிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தூரத்தில் கேட்காவ் என்ற கிராமத்தில், பழமரங்கள் வைத்து அதன் வருமானத்தில் பள்ளிக்கூடத்தை நடத்தலாம் என்று அவர் முன்னமே ஒரு நிலம் வாங்கிப் போட்டிருந்தார். பழம் விற்க வாங்கின நிலம், பசித்த பிள்ளைகளுக்கு அடைக்கலமாயிற்று. அதற்கு முக்தி என்று பெயர். முக்தி என்றால் இரட்சிப்பு. 1898-ல் அமெரிக்க நண்பர்கள் பத்து வருஷத்துக்கென்று வாக்குக் கொடுத்திருந்த உதவியின் காலமும் முடிந்தது. ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை. 1900-ல் குஜராத்திலும் பஞ்சம். கொஞ்ச காலத்தில் முக்தியில் ஏறக்குறைய 2,000 பேர் இருந்தார்கள். இரண்டாயிரம் பேருக்கு தினமும் ஆகாரம்! நெசவு, அச்சு வேலை, எண்ணெய் ஆட்டுதல், விவசாயம் என்று கைத்தொழில்கள் கற்றுக்கொண்டார்கள். கண் தெரியாத பெண்களுக்கு ஒரு இல்லம், வாழ்க்கை கெட்டுப்போன பெண்களுக்குக் கிருபா சதன் என்று ஒரு இல்லம். பசியிலே பெற்றோரைப் பறிகொடுத்த ஒரு பெண் போட்ட பந்தி அது.

1905 ஜூன்

எழுப்புதலுக்காக ஜெபிக்கிற நாம் இந்தப் பகுதியை மிகவும் கவனிக்கவேண்டும். வேல்ஸ் தேசத்தில் எழுப்புதல் உண்டான செய்தி வந்தது. 1905 ஜனவரியில் முக்தியில் எழுப்புதலுக்கென்று தனியாக ஜெபக்கூட்டம் ஆரம்பித்தார். முதலில் கூடினவர்கள் சுமார் 70 பேர். ஜூன் மாதத்துக்குள் 550 பேர் தினம் இரண்டு வேளை கூடினார்கள்.

ஜூன் 29-ம் தேதி விடியற்கால இருட்டிலே ஒரு பெண்மேல் பரிசுத்த ஆவியானவர் பலமாக இறங்கினார். கூட இருந்த மூத்த பெண் அவளைச் சுற்றி நெருப்பைக் கண்டு, ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று பயந்து, ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தாள். ஊற்றப் போகும்போதுதான், அது எரிக்கிற நெருப்பு அல்ல என்று கண்டாள். அதற்குப் பிறகு பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பாவங்களை அறிக்கையிட்டு அழுதார்கள், மன்னிப்பின் சந்தோஷத்தில் பாடினார்கள். கூட்டம் கூட்டமாகக் கிராமங்களுக்குப் புறப்பட்டுப்போய்ச் சுவிசேஷம் சொன்னார்கள். அசூசா தெரு எழுப்புதல் 1906-ல்தான் ஆரம்பித்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தின வருஷமே கர்த்தர் நம் தேசத்தில், அநாதைகளும் விதவைகளும் தங்கியிருந்த ஒரு இடத்தில் அக்கினியை ஊற்றினார். அங்கே ஊழியம் செய்த மின்னி ஏப்ராம்ஸ் என்ற சகோதரி அதைக் குறித்து எழுதின சிறு புத்தகம், தென் அமெரிக்காவின் சிலி தேசம் வரைக்கும் போய், 1909-ல் அங்கே பெந்தெகொஸ்தே எழுப்புதல் உண்டாவதற்கு ஒரு விதையானது. ஸ்தோத்திரம்!

யார்மேல் அந்த அக்கினி இறங்கியது? பஞ்சத்திலே பொறுக்கியெடுக்கப்பட்ட பிள்ளைகள்மேல். ரமாபாய் அம்மையார் 1896-ல் தன் பழைய பசியை மறந்து வீட்டிலேயே இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் உயிரோடிருந்திருப்பார்கள்?

எழுப்புதலுக்குப் பிறகு கஷ்டம் இல்லையா?

சிலர் அப்படி நினைக்கிறார்கள். அபிஷேகம் வந்துவிட்டால் இனி கண்ணீரே இல்லை என்று. அம்மையாரின் சரித்திரம் அப்படி முடியவில்லை.

கிராமத்துப் பெண்களுக்கும் விளங்குகிற எளிய மராத்தியில் வேதாகமம் வேண்டும் என்று அவருக்குப் பாரம். எபிரெயுவும் கிரேக்கும் படித்து, ஏறக்குறைய 18 வருஷம் மொழிபெயர்த்தார். முக்தியின் பெண்களே அச்சுக் கோர்த்தார்கள். காது மந்தமாயிற்று, சரீரம் பலவீனப்பட்டது. ஆனாலும் எனக்குப் பிறகு மனோரமா இருக்கிறாள் என்ற தைரியம் இருந்தது. ஊழியத்தில் அவர் வலது கையே மனோரமாதான். அந்த மகள் 1921 ஜூலையில், 40 வயதில், தாய்க்கு முன்னாலேயே போய்விட்டாள்.

நான் அந்தப் பக்கத்தை வாசித்தபோது உண்மையாகவே கர்த்தரோடு சண்டை போட்டேன். எல்லாவற்றையும் கொடுத்தாளே, இந்த ஒரே பிள்ளையையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. இன்றைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது. ஆனால் அடுத்த பக்கத்தில் அந்தத் தாய் என்ன செய்தார் என்று இருந்தது. மறுபடியும் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, வேதாகமத்தின் மீதி வேலையைச் செய்தார். கடைசி அச்சுத் தாள்களைத் திருத்தி முடித்த பிறகு, 1922 ஏப்ரல் 5-ம் தேதி, 63 வயதில், தூக்கத்திலே கர்த்தரிடத்தில் போய்ச் சேர்ந்தார்.

எப்படி முடிந்தது? நான் யோசித்துப் பார்த்தேன். மகளை இழந்த அன்றைக்குப் புதிதாக ஒரு விசுவாசத்தைத் தேட அவருக்கு நேரமில்லை. ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தார். ஜீலம் கரையில் மணலுக்குள் உயிரைக் காத்தவர், எதிர்ப்பின் நாளில் கைவிடாதவர், இரண்டாயிரம் பேருக்குச் சோறு போட்டவர், இவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன் சாட்சியை எழுதினபோது, அப்பா தன்னைக் கடவுளிடம் ஒப்புக்கொடுத்த அந்த வார்த்தையையும் அவர் எழுதி வைத்தார். தான் இயேசுவை அறியாத காலத்திலேயே, மெய்யான தேவன் அந்த ஒப்புக்கொடுத்தலைக் கேட்டு, கூடவே நடந்து வந்தார் என்று கண்டுகொண்டார்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவர் நன்மைகளை மாத்திரம் எழுதவில்லை. பஞ்சத்தையும் எழுதினார், பாடையையும் எழுதினார். துக்கத்தை மறைத்துவிட்டுச் சொன்ன சாட்சி அல்ல அது. நான் அன்றைக்கு டிசம்பர் 31 இரவில் எழுந்திருக்க முடியாமல் போனது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாட்சி சொல்லணும் என்றால் என் வீட்டுக்காரரின் மரணத்தை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு பேசணும் என்று நினைத்திருந்தேன். அது என்னால் முடியாது. கர்த்தரும் அதைக் கேட்கவில்லை.

என் நோட்டு

மறுநாள் மகனுடைய பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தேன். பாதி எழுதாமல் இருந்தது. முதல் பக்கத்தில் என் வீட்டுக்காரர் போன தேதியை எழுதினேன். அதை எழுதாமல் மற்றதை எழுத மனசு வரவில்லை. அதற்குக் கீழே ஞாபகம் வந்ததை எல்லாம் எழுத ஆரம்பித்தேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஒரு சகோதரி அரிசி மூட்டையை வாசலில் வைத்துவிட்டு, பேர் சொல்லாமல் போனது. வாடகைக்கு நின்ற மாதத்தில், எதிர்பாராமல் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் நாற்பது தைக்கக் கிடைத்தது. சின்னவளுக்கு காய்ச்சல் வந்த இரவில், பக்கத்து வீட்டு அக்கா விடிய விடிய என்கூட உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் போனில் கடைசியாகப் பேசினது, பிள்ளைகளுக்கு ஜெபம் பண்ணினது. அந்த ஜெபத்தைக் கேட்க எனக்குக் கிடைத்ததே, அதுவும் ஒரு நன்மை என்று எழுதும்போதுதான் தெரிந்தது. ரமாபாயின் தகப்பனார்போல அவரும் எங்களைக் கர்த்தர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இரண்டு பக்கம் நிரம்பியது. ஒன்றுமே இல்லை என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேனே!

103-ம் சங்கீதத்தில் தாவீது, கர்த்தர் செய்த உபகாரங்களை மறந்துவிடாதே என்று தன் ஆத்துமாவுக்கே புத்தி சொல்லுகிறார். ஏன் ஆத்துமாவுக்குச் சொல்லணும்? அது மறந்துபோகும். துக்கம் வந்தால் சீக்கிரமாய் மறந்துபோகும். அதனால்தான் யோர்தானைக் கடந்தபோது பன்னிரண்டு கற்களை எடுத்து நிறுத்தச் சொன்னார். அதனால்தான் சாமுவேல் ஒரு கல்லை நாட்டி எபெனேசர் என்று பேரிட்டார். எங்கே நாட்டினார்? தோல்வி அடைந்து, பெட்டியைப் பறிகொடுத்து, இருபது வருஷம் புலம்பின ஜனங்களுக்கு நடுவிலே நாட்டினார்.

2022 டிசம்பர் 31 இரவு நான் எழுந்தேன். பலருக்கு ஞாபகம் இருக்கலாம். அதிகமாய்ப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் இல்லை, எனக்கு இன்னும் வலிக்கிறது, ஆனால் ஒரு நாளும் என் பிள்ளைகள் பசியோடு படுக்கவில்லை என்றுதான் சொன்னேன். அழுகை வந்துவிட்டது, உட்கார்ந்துட்டேன். அந்த மூத்த தாயார் பின்வரிசையிலிருந்து அல்லேலூயா என்று சத்தமாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அவர்களும் இப்போது கர்த்தரிடத்தில் இருக்கிறார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போயிற்று.

அன்பான சகோதர சகோதரிகளே, கேட்காவில் முக்தி மிஷன் இன்றும் ஆதரவற்ற பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ரமாபாய் அம்மையார் போய் நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. அவர் நினைவுகூர்ந்த தேவன் மாறவில்லை. உங்களில் யாருக்காவது என்னைப்போல சாட்சி சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றினால், ஒரு நோட்டை எடுங்கள். முதல் வரியில் உங்கள் துக்கத்தையே எழுதுங்கள். அதற்குக் கீழே, அந்த நாட்களில் உங்கள் வாசலுக்கு வந்தவர்கள் யார், வந்தது என்ன என்று எழுதுங்கள். பிறகு, நீங்கள் கடந்து வந்த அதே பாதையில் இப்பொழுது யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நம் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களிடத்திற்குப் போங்கள். அட்டை கிழிந்த அந்தப் புத்தகம் என்னிடத்தில்தான் இருக்கிறது. வாசிக்க விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு என்னிடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இம்மட்டும் நடத்தின கர்த்தர் இனிமேலும் நம்மை நடத்துவாராக. ஆமென், அல்லேலூயா!

கர்த்தருடைய சமுகத்தில் உங்களுக்காக ஜெபிக்கும்,
ஞாயிறு பள்ளி சகோதரி